பவுண்டு விழுந்தது யார் தலையில்?

அண்ணாச்சி பதில்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று பிரிட்டன் மக்கள் 2016 ஜூன் 23-ஆம் தேதி ஓட்டுப் போட்டார்கள். 'விலகுவோம்' என்றவர்கள் 51.9 சதவீதம், 'இருப்போம்' என்றவர்கள் 48.1. இந்த விலகலுக்குத்தான் 'பிரெக்ஸிட்' என்று பேர். ஓட்டு விழுந்தது அங்கே, வயிறு கலங்கியது இங்கே. இந்த வாரத் தபாலைப் பிரித்தால் நாசரேத்திலிருந்து தென்காசி வரைக்கும் இதே பேச்சுதான். வாழைக்குக் கடன், நகைக்கடன் வட்டி என்று கேட்டிருந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

கணக்குக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இது 2016 ஜூலையில் எழுதியது, ரேட்டும் விதிகளும் அன்றைக்கு இருந்தவை. ஓட்டுப்பதிவு அன்று பிரிட்டன் நாணயமான பவுண்டு 100 ரூபாயை ஒட்டி இருந்தது. மறுநாள் 93-க்கு வந்தது. ஜூலை முதல் வாரம் முடிந்து நான் இதை எழுதும்போது 87 பக்கம் நின்றது. கீழே 100, 87 என்ற இரண்டு எண்களையே வைத்துக்கொள்கிறேன். பைசா கணக்கு பார்க்கிறவர்கள் உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: அண்ணாச்சி, என் மகள் பர்மிங்காமில் நர்ஸ். மாதம் 300 பவுண்டு அனுப்புவாள். ஊரில் வீடு கட்டுகிறோம். காங்கிரீட் போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. "பவுண்டு ஏறட்டும், அப்புறம் மொத்தமாக அனுப்புகிறேன்" என்கிறாள். காத்திருக்கலாமா? அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வேறு ராத்திரி தூக்கம் வரவில்லை. (ஒரு தாய், நாசரேத்)

ப: முதலில் தூங்குங்கள், தாயீ. இந்த ஓட்டு போலந்துக்காரர், ருமேனியாக்காரர் போல ஐரோப்பிய நாட்டுப் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் வந்து வேலை பார்க்கிறவர்களைப் பற்றியது. உங்கள் மகள் வேலை விசா வாங்கிக்கொண்டு போனவள். அவள் விசாவை இந்த முடிவு தொடவில்லை. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க வருஷச் சம்பளம் 35,000 பவுண்டு வேண்டும் என்று 2016 ஏப்ரலில் ஒரு விதி வந்ததே, அதுவும் நர்ஸ்களுக்குக் கிடையாது. ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் அப்போது அவர்கள் வேலை இருந்தது.

இனி பணம். 300 பவுண்டுக்கு 30,000 வந்தது, இப்போது 26,100 வரும். 3,900 ரூபாய் என்பது ஒரு கொத்தனாருக்கு நாலைந்து நாள் கூலி. வலிக்கத்தான் செய்யும். ஆனால் மகள் சொல்வதுபோல 'ஏறட்டும்' என்று உட்கார்ந்தால் எத்தனை நாள் உட்கார்வது? 1992 செப்டம்பரில் இதே பவுண்டு ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று கட்டி வைத்த ஏற்பாட்டிலிருந்து கழன்று விழுந்தபோது நான் வங்கியில் அந்நியச் செலாவணி மேசையில் இருந்தேன். காலையில் டெலக்ஸில் அன்றைய ரேட் வரும். அதைக் கிழித்து அட்டையில் ஒட்டி கவுண்டரில் மாட்டுவோம். அந்த வாரம் பசை காய்வதற்குள் அடுத்த ரேட் வந்து நின்றது. ஏறட்டும் என்று டிராஃப்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஏறக்குறைய இரண்டு டாலராக இருந்த பவுண்டு, மறுபடி இரண்டு டாலரைத் தொட்டது 2007-இல். பூச்சு வேலை 15 வருஷம் காத்திருக்குமா?

அதனால் இப்படிச் செய்யுங்கள். கொத்தனார் கூலி, சிமென்ட், வங்கித் தவணை என்று ரூபாயில் தேதி குறித்த செலவு எதுவோ, அதற்கு வேண்டியதை மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் மிச்சம் பிடிக்கிற பணத்தை அவள் அங்கேயே வைத்திருக்கட்டும். அவள் சாப்பாடும் வாடகையும் பவுண்டில்தானே?

இன்னொன்று. வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வங்கியில் போடுகிற என்.ஆர்.இ. டெபாசிட்டில் அவள் ஏற்கெனவே ரூபாயாகப் போட்டு வைத்திருந்தால் அதில் ஒரு பைசாவும் குறையவில்லை. 10 லட்சம் போட்டிருந்தால் அன்றைக்கு அது 10,000 பவுண்டு, இன்றைக்கு ஏறக்குறைய 11,500 பவுண்டு. ஊருக்குப் பணம் அனுப்பியவள் ஜெயித்திருக்கிறாள் என்று மகளிடம் சொல்லுங்கள். கொஞ்சம் சந்தோஷப்படட்டும்.

கே: மகனுக்கு செப்டம்பரில் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. சேர இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 14,000 பவுண்டு. பவுண்டு 80 வரும் என்கிறார்கள். அதுவரை கட்டாமல் இருக்கலாமா? (ஆசிரியர், பாளையங்கோட்டை)

ப: யார் சார் சொன்னது? 80 வரும் என்று சொன்னவர் போன மாதம் என்ன சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள்.

நாசரேத் அம்மாவுக்கு எது நஷ்டமோ அதுவே உங்களுக்கு லாபம். உங்கள் சம்பளம் ரூபாயில், செலவு பவுண்டில். 14 லட்சமாக இருந்த கட்டணம் 12 லட்சத்து 18 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. கையைக் கடிக்காமல் 1,82,000 ரூபாய் மிச்சம். இதை விட்டுவிட்டு இன்னும் ஒரு லட்சத்துக்கு ஆசைப்பட்டு, விசாவுக்கு நேரமாகிவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். பாதியை இப்போதே கட்டுங்கள். கல்லூரி தவணைக்குச் சம்மதித்தால் மீதியைத் தேதி பார்த்துக் கட்டலாம்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய தங்கும் செலவும் குறைந்திருக்கிறது. லண்டனுக்கு வெளியே படிப்பவர் 2016 விதிப்படி மாதம் 1,015 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 9,135 பவுண்டு கணக்கில் காட்ட வேண்டும். 9 லட்சத்து 13 ஆயிரம் காட்ட வேண்டிய இடத்தில் 8 லட்சத்துக்குச் சற்றுக் கீழே போதும். ஆனால் அந்தப் பணம் 28 நாள் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கிற நாளில் பவுண்டு ஏறியிருந்தால் பற்றாமல் போகும். ஒரு 50,000 ரூபாய் கூடவே போட்டு வையுங்கள். நடுவில் "அவசரத்துக்கு எடுத்தேன், மறுநாளே போட்டுவிட்டேன்" என்பதெல்லாம் அங்கே செல்லாது.

கல்விக்கடன் ரூபாயில்தான் அனுமதியாகியிருக்கும். குறைந்த தொகைக்கு மட்டும் எடுங்கள். அனுமதித்த கடன் முழுவதையும் எடுத்துத்தான் தீர வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வட்டி உங்கள் தலையில்தான் ஏறும்.

படிப்பு முடித்து இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்று பையன் சொன்னால், அந்த விசாவை 2012-லேயே மூடிவிட்டார்கள், 2016-இலும் அது கிடையாது என்று ஞாபகப்படுத்துங்கள். அதற்கும் இந்த ஓட்டுக்கும் சம்பந்தமில்லை.

கே: லீட்ஸில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். பிரிட்டன் அரசு பென்ஷன் வாரம் 70 பவுண்டு கணக்கில் நாலு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. 28,000 வந்த இடத்தில் 24,000 சொச்சம் வருகிறது. மேல்முறையீடு உண்டா? (சாயர்புரம்)

ப: யாரிடம் மேல்முறையீடு செய்வது அக்கா? 'விலகுவோம்' என்று ஓட்டுப் போட்ட 1 கோடியே 74 லட்சம் பேரிடமா?

இந்தத் தபாலில் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டது உங்கள் கடிதத்துக்குத்தான். உங்களுக்கு இரண்டு பக்கமும் அடி. அந்த நாட்டில் இருக்கிற பென்ஷன்காரருக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகை ஏறும். இந்தியாவில் குடியிருப்பவருக்கு ஏறாது. இங்கே வந்து வாங்க ஆரம்பித்த நாளில் என்ன தொகையோ அதுவே கடைசி வரைக்கும். இத்தனை நாளும் ரூபாய் தேய்ந்து தேய்ந்து பவுண்டு ஏறியதால் அந்தக் குறை தெரியாமல் இருந்தது, இப்போது தெரிகிறது. ஸ்பெயினில் போய்க் குடியேறிய வெள்ளைக்காரப் பென்ஷன்காரர்களுக்கு ஐரோப்பிய ஏற்பாட்டால் வருஷா வருஷம் உயர்வு கிடைக்கிறது. இனி நாமும் இந்தியாவில் இருப்பவர் கதிதானோ என்று அவர்கள் 2016-இல் கவலைப்பட்டார்கள்.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். 13 வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கும் வழி இருக்கிறது, அதற்கு மாறிவிடாதீர்கள். மூன்று மாதப் பணமும் ஒரே நாள் ரேட்டில் மாட்டிக்கொள்ளும். மருந்துச் செலவுக்கு மட்டும் மூன்று மாத அளவு பணத்தை ரூபாயில் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

கே: என் தம்பி லண்டனில் கணினி வேலை. இந்தியப் பாஸ்போர்ட்தான். நானும் ஓட்டுப் போட்டேன் என்கிறான். கதை விடுகிறானா? (தென்காசி)

ப: இல்லை. இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் அங்கே முறையாகக் குடியிருந்தால் ஓட்டு உண்டு. அங்கேயே 20 வருஷம் இருக்கிற பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் இந்த வாக்கெடுப்பில் ஓட்டு கிடையாது, நம்ம தென்காசித் தம்பிக்கு உண்டு. எதற்குப் போட்டான் என்று மட்டும் கேட்காதீர்கள். குடும்பத்தில் யாராவது பவுண்டில் டெபாசிட் வைத்திருந்தால் சண்டை வரும்.

கே: டாடா மோட்டார்ஸ் பங்கு வைத்திருந்தேன். அன்று காலை டிவியைப் பார்த்துவிட்டுப் பயந்து பாதியை விற்றுவிட்டேன். கருத்துக்கணிப்பெல்லாம் 'இருப்போம்' என்றுதானே சொன்னது? (ஓய்வுபெற்ற ஊழியர், வண்ணார்பேட்டை)

ப: அடி பலமாக விழுந்ததற்குக் காரணமே அதுதான். கருத்துக்கணிப்புகள் இழுபறி என்றுதான் பெரும்பாலும் சொல்லின. பந்தயம் கட்டுகிறவர்களும் பணச் சந்தையும்தான் 'இருப்போம்' என்று முடிவே கட்டிவிட்டார்கள். அந்த நினைப்பில் பவுண்டையும் பங்குகளையும் முன்கூட்டியே ஏற்றியும் வைத்தார்கள். ஏற்றி வைத்த இடத்திலிருந்துதான் விழுந்தது.

அன்றைய ராத்திரியை நம்ம ஊர் நேரத்தில் பாருங்கள். அதிகாலை 2.30-க்கு அங்கே ஓட்டுப்பதிவு முடிந்தது. 'விலகுவோம்' பக்கத்தின் முன்னணி ஆள் நைஜல் ஃபராஜே தோற்றுவிட்டோம் போலிருக்கிறது என்று பேசினார். பவுண்டு 1.50 டாலருக்கு ஏறியது. 4.45 வாக்கில் சண்டர்லேண்ட் என்ற தொழில் நகரத்தின் முடிவு வந்தது. 61 சதவீதம் 'விலகுவோம்'. அதிலிருந்து சறுக்கல். நம்ம ஊரில் பால்காரர் மணி அடிக்கிற நேரத்துக்குள் உலகத்தின் பெரிய நாணயம் ஒன்று அதலபாதாளத்தில் கிடந்தது. 9.10-க்கு பி.பி.சி. 'விலகல்தான்' என்று அறிவித்தது. மும்பைச் சந்தை திறப்பது 9.15-க்கு. ஐந்து நிமிஷத்தில் யாருக்கு யோசிக்க நேரம்?

மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 1,000 புள்ளிக்கு மேல் இறங்கி, கடைசியில் 605 புள்ளி குறைந்து 26,398-இல் முடிந்தது. டிவிக்காரர்கள் திரை முழுக்கச் சிவப்பு அடித்தார்கள். ஜூலை 1-ஆம் தேதி அதே சென்செக்ஸ் 27,145. ஓட்டுப்பதிவு நாளில் இருந்ததைவிட அதிகம். அந்தச் செய்தியை எத்தனை சேனல் சிவப்போ பச்சையோ அடித்துக் காட்டியது?

உங்கள் பங்குக்கு வருவோம். டாடா மோட்டார்ஸ் அன்று 8 சதவீதம் அளவுக்கு விழுந்தது. அவர்களுடைய ஜாகுவார் லேண்ட் ரோவர் தொழிற்சாலைகள் இங்கிலாந்தில் இருப்பதுதான் காரணம். ஐரோப்பாவுக்குக் கார் விற்க நாளைக்கு வரி வந்தால் பாதிப்புதான். ஆனால் அந்தக் கம்பெனி கூலி கொடுப்பது பெரும்பாலும் பவுண்டில். கார் விற்பது அமெரிக்காவில் டாலருக்கு, சீனாவில் யுவானுக்கு. பவுண்டு விழுந்தால் அங்கே வருகிற பணம் பவுண்டில் கூடும். ஆக, கெட்ட செய்தியும் நல்ல செய்தியும் ஒரே பொட்டலத்தில் இருந்தன. முதல் நாள் சந்தை கெட்டதை மட்டும் படித்தது. விற்றது போகட்டும். மீதிப் பாதியை விற்பதா வேண்டாமா என்பதை, ஐந்து வருஷத்துக்கு இந்தப் பணம் தேவைப்படுமா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். தேவைப்படும் என்றால் பென்ஷன் பணத்தை ஒரே கம்பெனிப் பங்கில் வைத்திருப்பதே தப்பு, பிரெக்ஸிட் வந்தாலும் வராவிட்டாலும்.

கே: ஆவணியில் மகள் கல்யாணம். 20 பவுன் எடுக்கணும். பிரெக்ஸிட்டால் தங்கம் ஏறிவிட்டது, இன்னும் ஏறும் என்று நகைக்கடையில் சொல்கிறார்கள். (திருநெல்வேலி டவுன்)

ப: ஏறியது உண்மைதான். உலகத்தில் பயம் வந்தால் பணக்காரர்கள் தங்கத்துக்கு ஓடுவார்கள், டாலர் விலை ஏறும். அதே நாளில் நம்ம ரூபாயும் டாலருக்கு 68-ஐ ஒட்டி இறங்கியதால் இங்கே இரண்டு ஏற்றமும் சேர்ந்துகொண்டது. இன்னும் ஏறுமா என்பது கடைக்காரருக்குத் தெரிந்தால் அவர் ஏன் விற்கிறார்? பூட்டி வைத்துக்கொள்ளலாமே.

கல்யாணத் தேதி தள்ளிப் போகாது. பாதியை இப்போது எடுங்கள், மீதியை ஆடியில் எடுங்கள். ரத வீதியில் கூட்டம் குறைவாக இருக்கும்போது நின்று நிதானமாகப் பேசலாம். லண்டனில் என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டு சேதாரத்தைப் பாருங்கள். ஒரு கடையில் 8 சதவீதம், இன்னொரு கடையில் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பவுனில் அந்த 4 சதவீதம் 6.4 கிராம். ஒரு நல்ல மோதிரமே போகிறது. 2 லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள், கொடுத்து முறையான ரசீது வாங்குங்கள்.

கே: உலர்மலர் ஏற்றுமதி செய்கிறேன். தாமரைக்காய், பனை ஓலை, சாயம் போட்ட பூ. மே மாதம் அனுப்பிய சரக்குக்கு 20,000 பவுண்டு பில், 60 நாள் கெடு. பணம் இன்னும் வரவில்லை. இப்போது வாங்குபவர் "எங்கள் நாட்டு நிலைமை சரியில்லை, 10 சதவீதம் குறையுங்கள்" என்று கேட்கிறார். (தூத்துக்குடி)

ப: குறைக்காதீர்கள் தம்பி. இது அப்பட்டமான ஏமாற்று.

பில் பவுண்டில் போட்டிருக்கிறீர்கள். அவர் அன்றைக்கும் 20,000 பவுண்டு கொடுக்க வேண்டும், இன்றைக்கும் அதே 20,000 பவுண்டு. அவருக்கு ஒரு பென்னி கூடவில்லை. விழுந்தது முழுவதும் உங்கள் தலையில். 20 லட்சம் வர வேண்டிய இடத்தில் 17 லட்சத்து 40 ஆயிரம். இதிலே 10 சதவீதம் தள்ளுபடி செய்தால் இன்னும் 1,74,000 போகும். சரக்கு அனுப்புவதற்கு முன்னால் வங்கி கொடுக்கிற பேக்கிங் கிரெடிட் கடன் 16 லட்சம் வாங்கியிருந்தால் வங்கிக்குக் கட்டவே காணாது. பில் டாலரில் இருந்திருந்தால் அவர் கேட்பதில் நியாயம் உண்டு. அப்போது அவர் டாலர் வாங்கக் கூடுதல் பவுண்டு கொடுக்க வேண்டியிருக்கும். இதை அப்படியே மெயிலில் எழுதுங்கள், மரியாதையாக. அவருக்கும் தெரியும், கேட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். பழைய வாடிக்கை, விட மனசில்லை என்றால் அடுத்த ஆர்டரில் ஏதாவது பார்த்துச் செய்வதாகச் சொல்லுங்கள். நடந்து முடிந்த பில்லில் கை வைக்க விடாதீர்கள்.

இனி ஆர்டர் எடுக்கும்போதே வங்கிக்குப் போய் ஃபார்வர்டு போட்டுவிடுங்கள். இன்ன தேதியில் இத்தனை பவுண்டு கொடுப்பேன், இன்ன ரேட் கொடு என்று இன்றைக்கே எழுதி முடிப்பது. பவுண்டு ஏறினால் அந்த லாபம் உங்களுக்கு இல்லை. அதற்கு வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "அண்ணாச்சி, ஃபார்வர்டு போட்டு 40,000 ரூபாய் நஷ்டம்" என்பார்கள். நஷ்டம் இல்லை தம்பி. நீங்கள் பூ விற்கிற வியாபாரி. பவுண்டு வியாபாரத்துக்கு மும்பையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களே ஜூன் 24 அன்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கே: நம்ம நாட்டிலும் முக்கியமான விஷயத்துக்கெல்லாம் இப்படி மக்களிடமே ஓட்டுக் கேட்டால் என்ன? (அம்பாசமுத்திரம்)

ப: கேட்டிருக்கிறார்கள். கோவா தனியாக இருப்பதா, மகாராஷ்டிரத்தோடு சேர்வதா என்று 1967-இல் மக்களிடம் கேட்டார்கள், தனியாக என்றார்கள். புதுச்சேரி இந்தியாவோடு சேர்வதற்கு 1954 அக்டோபரில் கீழூரில் ஓட்டெடுத்தார்கள். ஓட்டுப் போட்டது பொதுமக்கள் இல்லை, 178 மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். பிரிட்டனிலேயே 1975-இல் இதே கேள்வியைக் கேட்டு, 67 சதவீதம் பேர் ஐரோப்பாவோடு இருப்போம் என்றார்கள். இந்தத் தடவை கேட்ட அன்றைய பிரதமர் கேமரூன் மறுநாள் காலையிலேயே பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார். நம்ம ஊர் அரசியல்வாதி யாராவது அந்த வேலையைச் செய்வார் என்று நினைக்கிறீர்களா?

கே: பிரெக்ஸிட்டால் குற்றாலச் சீசன் பாதிக்குமா? (கடையநல்லூர்)

ப: சாரலுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. போய்க் குளியுங்கள்.

கே: மருமகன் போன வருஷம் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன 185 பவுண்டு நோட்டாகப் பெட்டியில் இருக்கிறது. மாற்றவா, வைத்திருக்கவா? சில்லறைக் காசும் கொஞ்சம் இருக்கிறது. (மேலப்பாளையம்)

ப: மாற்றிவிடுங்கள் பாய். பெட்டியில் கிடக்கிற பவுண்டுக்கு வட்டியும் இல்லை. தவிர, 2016 செப்டம்பரில் சர்ச்சில் படம் போட்ட பிளாஸ்டிக் 5 பவுண்டு நோட்டு வருகிறது. பழைய காகித 5 பவுண்டு நோட்டு 2017 மே மாதத்தோடு கடைகளில் செல்லாது. உங்களிடம் 5 பவுண்டு நோட்டுகள் இருந்தால் முதலில் அவற்றைத் தள்ளுங்கள். லைசென்ஸ் உள்ள மாற்றுக் கடைக்கே போங்கள், ரசீது கேளுங்கள். டிவியில் 87 என்று சொன்னால் கடையில் இரண்டு மூன்று ரூபாய் குறைத்துத்தான் கொடுப்பார்கள். இரண்டு கடையில் விசாரித்துக் கொடுங்கள். ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சடித்த நோட்டு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை இங்கே வாங்கத் தயங்குவார்கள், மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில்லறைக் காசை எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு விளையாடக் கொடுங்கள்.